பத்தாவது ஜன்னல்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, 'வரியைக் குறைத்தால் நாடு வளரும் என்பது பாதி உண்மை' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மீதிப் பாதி எங்கே என்று கேட்டு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. நான் பொருளாதார நிபுணன் இல்லை. 31 வருடம் அடுத்தவர் கணக்கைப் பார்த்துப் பிழைத்த ஆடிட்டர். ஒரு வரி வந்தால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களே சொல்லக் கேட்டவன். அந்தத் தகுதியில் இந்த முறை பக்கம் முழுக்க வரிதான்.

கே: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன யானை உவமையை, வரி பற்றிப் பேசுகிற எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். இன்றைய பொருளாதாரத்தில் அதற்கு மதிப்பு உண்டா, மேடை அலங்காரம்தானா?

ப: மேடையில் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் ஐயா. 'அளவோடு வாங்கு' என்று மட்டும் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறார்கள். புலவர் சொன்னது அதைவிடக் கூர்மை. 'மா' என்ற பழைய நில அளவு ஒன்றுக்கும் குறைவான நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும். அதே யானை தானே வயலில் இறங்கினால், நூறு வயல் இருந்தாலும், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அந்தக் காலைக் கவனியுங்கள். வாய்க்குள் போனது யானைக்காவது ஆயிற்று. மிதிபட்ட நெல் உழவனுக்கும் இல்லை, யானைக்கும் இல்லை. வகுப்பறையில் இதற்கு 'மிகைச்சுமை' என்று பெயர் வைத்து, முக்கோணம் வரைந்து காட்டுகிறார்கள். பிசிராந்தையாருக்கு முக்கோணம் தேவைப்படவில்லை.

காலடித் தடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் ஜன்னல் வரியைப் பார்க்கலாம். 1696-ல் வந்தது, 1851-ல்தான் போனது. வருமானத்தை அளப்பது அன்று முடியாத காரியம். பெரிய வீட்டில் நிறைய ஜன்னல் இருக்கும், அதிகாரி தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பதுதான் யோசனை. 1747-ல் விகிதத்தை மாற்றினார்கள். 10 முதல் 14 ஜன்னல் வரை உள்ள வீட்டுக்கு ஒவ்வொரு ஜன்னலுக்கும் 6 பென்ஸ். ஒன்பதோடு நின்றால் அந்த வரி கிடையாது. பத்தாவதைத் திறந்தால் பத்துக்கும் கட்ட வேண்டும். 15-லும் 20-லும் விகிதம் மறுபடி ஏறும். அந்தக் காலத்து வரிப் பதிவேடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தபோது, 9 ஜன்னல், 14 ஜன்னல், 19 ஜன்னல் வீடுகள் கும்பல் கும்பலாகக் கிடைத்தன. செங்கல் வைத்து அடைத்த அந்தப் பத்தாவது ஜன்னலால் கருவூலத்துக்கு ஒரு காசு வரவில்லை. வீட்டுக்காரருக்கு வெளிச்சமும் காற்றும் போனதுதான் மிச்சம்.

வளர்ச்சிக்கு உதவும் வரிக்கொள்கை என்றால் என்ன என்று கேட்டால், இவ்வளவுதான் என் பதில்: யானைக்குச் சோறு போடத்தான் வேண்டும், கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் போட வேண்டும். மற்ற கடிதங்களுக்கும் இதைத்தான் வேறு வேறு மாதிரி சொல்லப்போகிறேன்.

கே: சிறுதொழில் நடத்துகிறேன். ஜன்னல் கதை எல்லாம் சரி சார். என் வரியைக் குறைத்தால் நான் அதிகம் உழைக்க மாட்டேனா? இதில் என்ன பாதி உண்மை?

ப: எந்த வரியைக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போகிறது என்பது ஒரு கணக்கு. அடுத்து சம்பாதிக்கப்போகும் நூறில் எவ்வளவு போகும் என்பது வேறு கணக்கு. மனிதர்கள் முதல் கணக்கைப் பார்த்துப் புலம்புவார்கள், இரண்டாவதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அரசு எல்லோருக்கும் ஒரு தொகையைத் திருப்பிக் கொடுத்தால் செலவு கொஞ்சம் கூடும். மந்தமான காலத்தில் அதுவும் உதவிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறக்கலாமா என்கிற உங்கள் யோசனை அதனால் மாறாது. 'அடுத்த நூறு' மீது விழும் விகிதம் மாறினால்தான் அது மாறும்.

என்னிடம் பித்தளை வால்வு செய்பவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஆர்டர் குவிந்திருந்த ஒரு வருடம், கணக்கு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பட்டறையைப் பாதி நேரம் மூடிவைத்தார். "விற்றுமுதல், அதாவது வருடத்து மொத்த விற்பனை, வரம்பைத் தாண்டினால் சின்னவர்களுக்கான திட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள் சார். முழு வரி, மாதாமாதம் தாக்கல், அதற்கு ஒரு ஆள் சம்பளம். தாண்டினால் எனக்கு மிஞ்சுவது குறையும்" என்றார். மனிதர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். அவர் மூடிவைத்தது பட்டறையின் பத்தாவது ஜன்னல்.

இது அவர் ஒருவர் பிரச்சினை இல்லை. பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரிக்கு (VAT) பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் வரம்பு பல வருடம் 85,000 பவுண்டாக இருந்தது. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே எண்ணற்ற சிறுநிறுவனங்கள் நெருக்கியடித்து நின்றதைப் பலமுறை அளந்து காட்டிவிட்டார்கள். 2024-ல் வரம்பை 90,000 ஆக்கினார்கள். கூட்டமும் அங்கே நகரும், அவ்வளவுதான். வரம்பைத் தூக்குவதைவிட, அதைத் தாண்டும்போது வரி படிப்படியாக ஏறும்படி செய்வதுதான் வைத்தியம். மாடிப்படி உயரமாக இருந்தால் ஏறிவிடுவார்கள். சுவராக இருந்தால் திரும்பிவிடுவார்கள்.

கே: பொருளாதாரம் படிக்கும் மாணவி. வரி விகிதத்தைக் குறைத்தால் வரி வருவாயே கூடும் என்று 'லாஃபர் வளைவு' சொல்கிறதே, அது உண்மையா?

ப: வளைவு உண்மை. அதைக் காட்டி விற்கப்படும் சரக்குதான் பல சமயம் போலி.

கதை தெரிந்திருக்கும். 1974-ல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் பொருளாதார அறிஞர் ஆர்தர் லாஃபர், பின்னாளில் துணை அதிபரான டிக் செனி போன்றவர்களுக்கு நாப்கினில் வளைவை வரைந்து காட்டினாராம். அப்படி ஒரு நாப்கின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. நல்ல துணி நாப்கினைப் பாழாக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்ததால் தனக்கே அந்தக் கதையில் சந்தேகம் உண்டு என்ற பொருளில் லாஃபரே பின்னாளில் எழுதினார். வளைவைத் தான் கண்டுபிடிக்கவில்லை, 14-ம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு கல்தூன் சொன்னதுதான் என்றும் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மை அவருடைய ரசிகர்களிடம் இல்லை.

தத்துவம் எளிது. வரி 0 என்றால் வருவாய் 0. வரி 100 சதவீதம் என்றால் ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள், செய்தாலும் காட்ட மாட்டார்கள், அப்போதும் வருவாய் 0. நடுவில் எங்கோ உச்சி. நீங்கள் உச்சிக்கு அந்தப் பக்கம் நின்றால் வரியைக் குறைத்து வருவாயைக் கூட்டலாம். இந்தப் பக்கம் நின்றால் முடியாது. அமெரிக்காவில் ரீகன் காலத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 70-லிருந்து 50 ஆகி, 1986 சட்டத்தால் 28 சதவீதத்துக்கு வந்தது. பொருளாதாரம் வளர்ந்ததும் உண்மை, பற்றாக்குறை ஊதியதும் உண்மை. 1982-லேயே வேறு சில வரிகளை அவர் ஏற்ற வேண்டியிருந்தது. இழந்த வருவாயில் ஒரு பங்கு வளர்ச்சியால் திரும்பும், முழுதாகத் திரும்புவது அபூர்வம் என்பதுதான் பெரும்பாலான நிபுணர்களின் கருத்து.

இதைவிட நல்ல பாடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். 2012-ல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைக் குறைத்தார். அதோடு, கம்பெனியாக இல்லாமல் உரிமையாளர் கணக்கிலேயே காட்டப்படும் தொழில் வருமானத்துக்கு மாநில வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டார். ஒரு ஆடிட்டராக இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் காலை அங்குள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியுமே! சம்பளக்காரர் கட்ட வேண்டும், அதே வேலையை 'தொழில்' என்று செய்தால் கட்ட வேண்டாம். புதுத் தொழிற்சாலை வந்ததோ இல்லையோ, பழைய வருமானம் புதுச் சட்டை போட்டுக்கொள்ள வழி கிடைத்தது. வருவாய் சரிந்தது, பள்ளிக்கூடங்கள் முதல் சாலைகள் வரை கை வைக்க வேண்டியதாயிற்று. 2017-ல் அவருடைய கட்சிக்கே பெரும்பான்மை இருந்த சட்டமன்றம், அவருடைய ரத்து அதிகாரத்தையும் மீறி அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது.

கே: 2022-ல் பிரிட்டனில் வரியைக் குறைத்ததற்குப் பணச்சந்தை ஏன் பயந்தது? பணக்காரர்களுக்குப் பிடித்திருக்க வேண்டுமே?

ப: வரிக்குறைப்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. "இதற்குப் பணம் எங்கிருந்து?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் பயம். செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். செலவில் அதற்கு ஈடு எதுவும் சொல்லவில்லை. அரசுக் கடன் பத்திரங்களின் வட்டி எகிறியது, டாலருக்கு எதிராகப் பவுண்டு வரலாறு காணாத அளவு விழுந்தது, ஓய்வூதிய நிதிகள் தள்ளாடின, ஐந்தே நாளில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து பத்திரம் வாங்க இறங்கியது. பிரதமர் லிஸ் ட்ரஸ் ஏழு வாரத்தில் வீட்டுக்குப் போனார். வீட்டுக் கடன் வட்டி ஏறியதில், வரியில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இழந்த குடும்பங்கள் உண்டு. வரிக்குறைப்பைக் கடனில் கொடுப்பது, அடுத்த வருட வரியை இந்த வருடமே பரிசாகக் கொடுப்பது மாதிரி.

கே: புதிய எந்திரம் வாங்கலாமா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் முதலீடு செய்ய வேண்டுமானால் அரசு லாப வரியைக் குறைக்க வேண்டுமா, தேய்மானச் சலுகை தர வேண்டுமா?

ப: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை எழுதலாம். பத்திரிகைகளில் லாப வரி விகிதம்தான் தலைப்புச் செய்தி ஆகும். எந்திரத்தின் விலையை எத்தனை வருடத்தில் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தேய்மான அட்டவணையை யாரும் படிப்பதில்லை. ஆனால் எந்திரம் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அந்த அட்டவணைதான்.

உங்கள் எந்திரம் 100 என்று வையுங்கள். லாப வரி 25 சதவீதம். எந்திரத்தின் விலையைப் பத்து வருடத்தில் சரிசமமாகக் கழிக்கச் சொன்னால், வருடத்துக்கு 10 கழிவு, அதனால் மிச்சமாகும் வரி 2.5. பத்து வருடத்தில் மொத்தம் 25 வந்துவிடுகிறதே என்பீர்கள். 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குபவருக்கு, பத்து வருடம் சொட்டுச் சொட்டாக வரும் அந்த 25-ன் இன்றைய மதிப்பு 17-க்கும் சற்றுக் குறைவு. முழு 100-ஐயும் வாங்கிய வருடமே கழித்துக்கொள் என்றால் 25-ம் இப்போதே கையில். வித்தியாசம் எந்திர விலையில் 8 சதவீதத்துக்கு மேல். எந்தக் கடைக்காரரும் தராத தள்ளுபடி.

வேறு விதமாகச் சொல்கிறேன். லாப வரி 25 சதவீதம் என்றால், உங்கள் தொழிலில் அரசு 25 சதவீதக் கூட்டாளி. உடனடிக் கழிவு கொடுத்தால் அந்தக் கூட்டாளி முதலில் முதலீட்டிலும் 25 போட்டுவிட்டு, பிறகு லாபத்தில் 25 எடுக்கிறார். நியாயமான கூட்டாளி. லாபம் தரும் எந்திரம் வரிக்குப் பிறகும் லாபம் தரும், உங்கள் முடிவு மாறாது. பத்து வருடத் தேய்மானம் என்றால், கூட்டாளி தன் பங்கு முதலைத் தவணையில் தருவார், லாபத்தில் பங்கை மட்டும் முதல் நாளிலிருந்தே கேட்பார். அப்படிப்பட்டவரோடு யார் புதிதாக எதையும் தொடங்குவார்கள்?

வெறும் விகிதத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? இருபது வருடத்துக்கு முன் வாங்கி ஓடிக்கொண்டிருக்கிற பழைய எந்திரத்தின் லாபத்துக்கும் அதே சலுகை போகும். அது ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு இன்று கொடுக்கும் பரிசு. பங்குதாரர் மகிழ்வார், புது எந்திரம் வர வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டன் 2023 ஏப்ரல் முதல் பெரும்பாலான எந்திரங்களுக்கு முழு உடனடிக் கழிவு கொடுத்து, பிறகு அதை நிரந்தரம் என்றும் அறிவித்தது. அமெரிக்கா 2017-ல் கொடுத்தது, 2023-லிருந்து படிப்படியாகக் குறைத்தது, 2025-ல் மறுபடி கொடுத்தது. இந்த ஊசலாட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. காலக்கெடு வைத்தால் அடுத்த வருடம் வாங்க வேண்டியதை இந்த வருடம் வாங்குவார்கள், அடுத்த வருடம் எந்திரம் விற்பவர் ஈ ஓட்டுவார்.

எஸ்டோனியா இன்னும் ஒருபடி மேலே போனது. 2000-லிருந்து அங்கே கம்பெனி லாபத்துக்கு, அதைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வரி. தொழிலுக்குள்ளேயே வைத்துச் சுழற்றினால் வரி இல்லை. தேய்மான அட்டவணையே தேவையில்லை. என் போன்றவர்களுக்குப் பிழைப்புப் போகும், அதனாலேயே அது நல்ல சட்டமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உடனடிக் கழிவும் கொடுத்து, எந்திரம் வாங்கிய கடனின் வட்டிக்கும் கழிவு கொடுத்தால், உருப்படாத முதலீடுகூட வரிக்குப் பிறகு லாபமாகத் தெரியும். இரண்டில் ஒன்று போதும்.

கே: விற்பனை வரியைவிட மதிப்புக்கூட்டு வரி நல்லது என்கிறார்கள். மக்கள் கட்டுவது என்னவோ வரிதானே?

ப: கட்டுவது ஒன்றுதான், கால் படும் இடம் வேறு. கைமாறும் ஒவ்வொரு முறையும் 5 சதவீதம் என்று பழைய பாணி விற்பனை வரி போட்டதாக வையுங்கள். நூல், நெசவு, சாயம், தையல் என்று நான்கு கை. ஒவ்வொருவரும் 25 மதிப்பு சேர்க்கிறார்கள். முதல் ஆள் 26.25-க்கு விற்பார். அதோடு 25 சேர்த்து மறுபடி 5 சதவீதம் என்று போட்டுக்கொண்டே போனால், கடைசியில் சட்டை 113-ஐத் தாண்டும். பெயருக்கு 5 சதவீதம், உண்மையில் 13. இதையே நான்கு வேலையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் பெரிய ஆலை செய்தால் ஒருமுறைதான் விற்பனை, 105-ல் முடிந்துவிடும். சாயத்தில் கெட்டிக்காரரான சின்னவர் தொழில் தெரியாததால் தோற்கவில்லை, தனி ஆளாக இருந்ததால் தோற்றார். மேற்கு ஜெர்மனி 1968-ல் மதிப்புக்கூட்டு வரிக்கு மாறும்வரை இப்படித்தான் அடுக்குமேல் அடுக்காக வரி வாங்கிக்கொண்டிருந்தது.

வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டியதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற எளிய யோசனையை 1954-ல் பிரான்ஸில் செயலுக்குக் கொண்டுவந்தவர் மொரீஸ் லோரே என்ற வரி அதிகாரி. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. பெரிய பணக்கார நாடுகளில் அமெரிக்காவில் மட்டும் தேசிய அளவில் இன்னும் இல்லை.

ஆனால் இந்த வரியின் உயிர் 'திருப்பித் தருதல்' என்ற ஒரே இடத்தில் இருக்கிறது. ஏற்றுமதியாளர் உள்ளே கட்டிய வரி அவருக்குத் திரும்ப வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அது எட்டு மாதம் வரவில்லை. அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காகிதம் கேட்டார்கள். ஒருமுறை, நாங்கள் முன்பே கொடுத்திருந்த காகிதத்தையே கேட்டார்கள். இதற்கிடையில் அவர் தன் பணத்துக்காகக் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்தார். சட்டப் புத்தகத்தில் அவருக்கு வரி 0. அவர் பேரேட்டில் அப்படி இல்லை.

கே: டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் வரியைப் பிழிந்து எடுக்கிற நாடுகள். அப்புறம் எப்படிப் பணக்கார நாடுகளாக இருக்கின்றன?

ப: பிழிகிறார்கள்தான், எங்கே பிழிவது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1976-ல் ஸ்வீடனின் சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் தன் வரியைக் கணக்குப் பார்த்தார். சுயதொழில் செய்பவர் என்பதால் வருமான வரியும் முதலாளி கட்டும் சமூகக் காப்பீடும் அவர் தலையிலேயே விழுந்து, அடுத்து சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறுக்கும் வரி 102 என்று வந்தது! அதைக் கதையாக்கிப் பத்திரிகையில் எழுதினார். அம்மணிக்குக் கதை வரும், கணக்கு வராது என்கிற தோரணையில் நிதியமைச்சர் கேலி செய்தார். கணக்கு சரிதான் என்று தெரிந்தபோது, அப்படியானால் நாமிருவரும் வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்றார் லிண்ட்கிரென். நாற்பது வருடத்துக்கு மேல் ஆண்ட கட்சி அந்த வருடத் தேர்தலில் தோற்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இது மறக்கக்கூடிய காரணம் இல்லை.

1991-ல் அங்கே பெரிய சீர்திருத்தம் வந்தது. வருமான வரியின் உச்ச விகிதத்தை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள், முதலீட்டு வருமானத்துக்கு ஒரே விகிதமாக 30, ஓட்டைச் சலுகைகளை அடைத்தார்கள். பெரும் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், எல்லோரும் கட்டும் நுகர்வு வரியிலிருந்தும் சம்பளத்தின் மீதான வரிகளிலிருந்தும். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம். வாங்கிய பணம் குழந்தைக் காப்பகமாகவும் படிப்பாகவும் மருத்துவமாகவும் திரும்புகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் தாய் வேலைக்குப் போகிறாள். வரி உழைப்பைக் கொஞ்சம் குறைக்கிறது, அந்த வரியில் நடக்கும் காப்பகம் அதைக் கூட்டுகிறது. வரியை மட்டும் பார்த்துவிட்டுச் செலவைப் பார்க்காத வாதம் ஒற்றைக்கால் நாற்காலி.

கே: புது ஆலை வந்தால் பத்து வருடம் வரியே வேண்டாம் என்று அறிவிக்கும் நாடுகள் இருக்கின்றன. அயர்லாந்து அப்படித்தானே முன்னேறியது?

ப: அயர்லாந்தைச் சொல்பவர்கள் அதன் 12.5 சதவீத லாப வரியைச் சொல்வார்கள், 1956-ஐச் சொல்ல மாட்டார்கள். ஏற்றுமதி லாபத்துக்குச் சலுகை அங்கே அப்போதே தொடங்கிவிட்டது. ஆட்சிகள் மாறின, ஐரோப்பிய விதிகளுக்காகச் சலுகையின் வடிவமும் மாறியது, கம்பெனிகளுக்குக் குறைந்த வரி என்ற கொள்கை மட்டும் மாறவில்லை. கூடவே 1967-லிருந்து இலவச இடைநிலைக் கல்வி, ஆங்கிலம், ஐரோப்பியப் பொதுச்சந்தை. வரி மட்டும் வேலை செய்திருந்தால் குறைந்த வரித் தீவுகள் எல்லாவற்றிலும் இன்று தொழிற்சாலை புகைபோக்கி தெரிந்திருக்கும்.

அதிலும் ஒரு வேடிக்கை. 2015-ல் அயர்லாந்தின் உள்நாட்டு உற்பத்தி சுமார் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. ஊர் அப்படியே இருக்க, பன்னாட்டு நிறுவனங்களின் காப்புரிமை போன்ற சொத்துகள் ஏட்டில் இடம்பெயர்ந்ததன் விளைவு. பிறகு அந்த நாடே தன் உண்மை அளவைத் தெரிந்துகொள்ளத் தனி அளவுகோல் செய்துகொண்டது. 2021-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் பெரும் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்று ஒப்புக்கொண்டதும், 2024-லிருந்து அயர்லாந்தும் மிகப் பெரிய குழுமங்களுக்கு அதை விதித்தது.

வரிவிடுமுறை பற்றி என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். விடுமுறை முடியும் வருடம் அதே முதலாளி, அதே எந்திரம், அதே ஆட்கள். பெயர்ப்பலகை மட்டும் புதிது. இந்தப் புதுக் கம்பெனிகளுக்குப் பெயர் யோசித்துக் கொடுப்பதே ஒரு காலத்தில் எங்கள் அலுவலகத்தில் தேநீர் நேர விளையாட்டு.

கே: பணக்காரர்கள் வாங்கும் ஆடம்பரப் பொருளுக்கு வரியைத் தீட்டினால் என்ன?

ப: அமெரிக்கா தீட்டிப் பார்த்தது. 1990-ல் சட்டம் போட்டு, உல்லாசப் படகின் விலையில் 1,00,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 10 சதவீதம். பணக்காரர் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார், அல்லது பழையதை வாங்கினார். படகு கட்டும் தச்சருக்கு வேலை போனது. ஏற்கெனவே மந்த காலம் என்பதால் அடி பலமாக விழுந்தது. 1993-ல் எடுத்துவிட்டார்கள். வரிச்சீட்டில் யார் பெயர் என்பது முக்கியமில்லை, யாரால் நழுவ முடியாது என்பதுதான் முக்கியம்.

கே: அப்படியானால் நழுவவே முடியாத வரி எது?

ப: நிலம். சம்பளத்துக்கு வரி போட்டால் உழைப்பு குறையலாம், கட்டடத்துக்குப் போட்டால் மாடி எழும்பாமல் போகலாம். காலி மனையின் மதிப்புக்குப் போட்டால் மனை எங்கே ஓடும்? அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜ் 1879-லேயே இதைப் புத்தகமாக எழுதிப் பிறகு பெரிய இயக்கமாக்கினார். சாலையும் ரயிலும் வந்ததால் ஏறிய மதிப்பு, சும்மா உட்கார்ந்திருந்த உரிமையாளரின் உழைப்பு இல்லை என்பது அவர் வாதம். எஸ்டோனியாவில் நிலத்துக்கு மட்டும்தான் வரி, மேலே கட்டியதற்கு இல்லை. மற்ற நாடுகள் ஏன் தயங்குகின்றன என்றால், நிலம் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் சட்டம் போடும் இடத்துக்கும் வேண்டியவர்கள். கைக்காசு இல்லாத முதியவர் பழைய வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. வீடு கைமாறும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது.

கே: ரசீதே தராத கடைகளை என்ன செய்யலாம்?

ப: தைவான் 1951-லிருந்து செய்வதைச் செய்யலாம். அங்கே ரசீதுதான் லாட்டரிச் சீட்டு. எண் குலுக்கிப் பரிசு. வாங்குபவரே கையை நீட்டி ரசீது கேட்பார். லட்சக்கணக்கான ஆய்வாளர்கள், சம்பளம் இல்லாமல். ஏய்த்தவர் வரி கட்டாமல் சம்பாதிப்பது ஒருபுறம் இருக்கட்டும், ஒழுங்காகக் கட்டுபவரைவிட மலிவாக விற்று அவரைச் சந்தையை விட்டே துரத்துகிறார் பாருங்கள், அதுதான் வளர்ச்சிக்குக் கேடு.

கே: உங்களை ஒரு நாள் நிதியமைச்சர் ஆக்கினால் எந்த வரியை மாற்றுவீர்கள்?

ப: அன்று ஒன்றையும் மாற்ற மாட்டேன். ஏமாற்றமாக இருக்கிறதா? 31 வருடத்தில் என் எதிரே உட்கார்ந்து முதலீடு பற்றிப் பேசியவர்கள் "விகிதம் எவ்வளவு சார்?" என்று கேட்டது கொஞ்சம். "இது எத்தனை வருடத்துக்கு சார் இருக்கும்?" என்று கேட்டதுதான் அதிகம். எனக்குப் பதில் தெரிந்ததில்லை. வரியில் பெரிய ஏற்றத்தாழ்வைவிடச் சிறிய நிச்சயமின்மை மோசம் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். எனவே அந்த ஒரு நாளில், அடுத்த பத்து வருடம் எந்த விகிதம் எந்தத் தேதியில் எப்படி மாறும் என்று ஒரு அட்டவணை வெளியிடுவேன். முன்தேதியிட்டு வரி கேட்கும் பழக்கத்தைச் சட்டமே தடுக்கும்படி அதில் ஒரு வாசகம் சேர்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

என் மகள் இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு பழைய வீட்டைப் படமெடுத்து அனுப்பினாள். இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். (இப்படித் தெரிகிற எல்லாமே வரிக்காக அடைத்தவை இல்லை, சிலவற்றை அழகுக்காகக் கட்டும்போதே பொய் ஜன்னலாக வைத்திருக்கிறார்கள். இது எந்த வகை என்று அவளுக்கும் தெரியவில்லை.) அடைத்ததுதான் என்றால், வரி போய் 170 வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை தலைமுறை அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறது. ஒருவருக்கும் அந்தச் செங்கல்லை எடுக்கத் தோன்றவில்லை.